சத்தத்தின் மேல் ஒரு பிராது

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் என் காதுக்கு இணையான காது கிடையாது. சூளையிலிருந்து இறங்கிய ஊறுகாய் ஜாடியை ஒரு தட்டுத் தட்டினால் போதும். கண்ணை மூடிக்கொண்டே, இது நல்லது, இது உள்ளே விரிசல், இது டிராலியில் மேல் தட்டில் வெந்தது, இது கீழ்த் தட்டில் வெந்தது என்று சொல்லிவிடுவேன்.

பொய். மேல் தட்டு, கீழ்த் தட்டையெல்லாம் யாராலும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொள்வதுகூட ஆள் பார்க்கும்போது மட்டும்தான். நல்லதா, விரிசலா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும். நல்ல ஜாடியைத் தட்டினால் ‘ணங்’கென்று இழுக்கும். விரிசல் விட்ட ஜாடி ‘டொப்’பென்று நின்றுவிடும், வாத்தியார் கேள்வி கேட்டதும் நான் நின்ற மாதிரி. அப்படி நின்று நின்றுதான் ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்தது. ஆகையால் விரிசல் ஜாடிகளோடு எனக்கு ஒரு சொந்தம் உண்டு.

இதைக்கூட நான் எழுதவில்லை. போனைப் பார்த்துப் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் அது படித்த பள்ளிக்கூடத்தைக் கேளுங்கள்.

தட்டுகிற வேலைக்கு வருவதற்கு முன்னால் பல வருஷம் பால் மில்லில் இருந்தேன். கறக்கிற பால் இல்லை, ஆள் உயர இரும்பு உருளை அது. உள்ளே மண்ணும் தண்ணீரும் உருண்டைக் கல்லும் போட்டுச் சுற்றவிடுவார்கள். கல் இடித்து இடித்து மண் மாவாகும். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தத்தை விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை நிறுத்தாமல் கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. மேஸ்திரி திட்டுவது கேட்காது. காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். நான் அதைச் சேர்த்து வைத்து, விளக்குக்குத் திரி போட வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாமிக்கு வெளிச்சம் காட்டிய புண்ணியம் எனக்கு இப்படித் திரும்பி வந்தது.

தட்டுகிற இடத்துக்கு என்னை மாற்றிய பிறகு, ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. மில் நின்றது, காற்றாடி நின்றது, எல்லாச் சத்தமும் நின்றது. ஒன்று மட்டும் நிற்கவில்லை. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு இழுப்பு இழுக்குமே, அந்தச் சத்தம். நான் எழுந்து ஷெட்டைச் சுற்றி வந்தேன். பக்கத்தில் வைக்கோல் சுற்றிச் சாமான் கட்டிக்கொண்டிருந்தவர் மங்கலம்பேட்டைக்காரர். துபாயில் இருந்துவிட்டு வந்தவர். அவரை நான் பாய் என்பேன்.

“இன்னும் எந்த மிஷின் பாய் ஓடிக்கிட்டிருக்குது?”

“கரண்டே இல்லய்யா. ஒங்க மாமனாரு வந்து கையால சுத்துறாரா?”

“கேக்குதே பாய்.”

“எனக்குக் கேக்கல.”

கரண்ட் வந்ததும் மில்லும் காற்றாடியும் ஓடின. அந்த விசில் வராத குக்கரும் கூடவே ஓடியது. இன்றுவரை விசிலும் வரவில்லை, அடுப்பையும் யாரும் அணைக்கவில்லை.

காதில் சத்தம் கேட்கிறது என்று வாயைத் திறந்து சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஊரில் எல்லாருமே காது டாக்டர்களாக இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. பூண்டு காய்ச்சிய எண்ணெயை விடு என்றார்கள். எண்ணெயே விடாதே என்றார்கள். வெங்காயச் சாறு என்றார்கள். டீக்கடையில் ஒருவர் என் காதுக்குப் பக்கத்தில் தன் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “எனுக்கு ஒண்ணும் கேக்கலியே” என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இன்னொருவர், “ஓம்ங்கற மாதிரி கேக்குதா? அப்படின்னா ஞானம் வரப்போவுது” என்றார். ஞானம் மெதுவாக வரட்டும், முதலில் தூக்கம் வரட்டும் என்றேன். இவர்களாவது பரவாயில்லை. பார்க்கும்போதெல்லாம் “இப்பவும் கேக்குதா?” என்று கேட்கிறார்களே, அவர்களைத்தான் சூளையில் வைக்க வேண்டும். கொஞ்சம் மறந்திருப்பேன். கேட்டதும் மறுபடி கேட்கும்.

நானும் என் மனைவியும் காது டாக்டரிடம் போனோம். ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் எதையோ மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்தச் சொன்னார்கள். நான் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். அங்கே இருந்த பெண் கதவைத் திறந்து, “நான் இன்னும் மிஷினையே போடலீங்க” என்றாள்.

கடைசியில் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, மில் சத்தத்தில் காதுக்குள் அடிபட்டிருக்கிறது, இதை எடுத்துவிட மருந்து இல்லை, பழகிக்கொள்ள வேண்டும் என்றார். பழகிக்கொள்ள வேண்டுமாம். என் மச்சினனோடே நான் இன்னும் பழகவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் சத்தத்தின் மேல்கூட இல்லை. அது உட்கார்ந்த இடத்தின் மேல். ‘ணங்’கென்று இழுக்கிறதே நல்ல ஜாடி, அந்த இழுப்பு இருக்கிற இடத்தில்தான் இதுவும் வந்து பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டது. விரிசல் ஜாடியைத் தட்டினாலும் எனக்கு இழுத்தது. எல்லா ஜாடியும் பாஸ். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஜாடியின் விளிம்பைத் தாடை எலும்பில் அழுத்திக்கொண்டு தட்டினால், காதில் கேட்காதது எலும்பில் தெரிந்தது. நல்ல ஜாடி பல்லைக் கூசவைக்கும், விரிசல் ஜாடி சும்மா இருக்கும். அதை மேஸ்திரி பார்த்துவிட்டார்.

“என்னாய்யா பண்ற? ஜாடிக்கு முத்தம் குடுக்கறியா?”

“வூட்ல யாரும் குடுக்க வுட மாட்டேங்கறாங்க அண்ணே.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் காலத்தில் நான் சொல்லி ஆள் சிரித்த கடைசி ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் பேட்டையில் ஜோக் வரவில்லை. டீ நேரத்தில் மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுவது என் வழக்கம். அவருக்கு முன்னால் வயிறு, பின்னால் கை, நடுவில் சாவிக்கொத்து. “என்னாய்யா, இன்னிக்கி மேஸ்திரி நடக்கலியா?” என்று பாய் கேட்பார். “அவருக்குக் காலு வலி” என்று சொல்லிவிட்டு டீயை வைத்துவிட்டுப் போய்விடுவேன். வீட்டில் குக்கர் வைத்தால் கத்தினேன். குக்கர் வைக்காமல் சோறு நேரமானாலும் கத்தினேன். காலையில் காலைத் தரையில் வைக்கவே மனசு வராது. கட்டிலில் உட்கார்ந்து என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது ஒன்றும் அவ்வளவு அழகான பாதம் இல்லை.

ஒருநாள் என் மனைவி வேலைக்குப் போகவிடாமல் என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காதுக்கு என்றுதான் சொன்னாள். அறைக்கு மேலே இருந்த போர்டை நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ‘மன’ வரைக்கும் வந்ததுமே திரும்பிவிட்டேன். அவள் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு என்னா பைத்தியமா?”

“இல்ல. பைத்தியம் இவ்ளோ கத்தாது. ஒக்காரு.”

தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொருவர், அவரும் துண்டு போட்டு மூடிக்கொண்டிருந்தார். பார்க்க இரண்டு பேரும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தோம். காற்றாடிக் காற்றில் அவர் துண்டு விலகியது. முன்னால் வயிறு. மடியில் சாவிக்கொத்து. மேஸ்திரி.

“நீ எங்கய்யா இங்க?”

“பல்லு வலிங்கண்ணே.”

“அப்பிடியா? எனக்கும் பல்லுதான்.”

பல் பார்க்கிற அறை அந்தக் கட்டடத்திலேயே இல்லை. இரண்டு பேரும் தாடையைப் பிடித்துக்கொண்டோம். என் மனைவி எங்களைப் பார்த்துவிட்டு மேலே காற்றாடியைப் பார்த்தாள்.

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு. தூக்கம் எப்படி என்று கேட்டார். “வருதுங்க மேடம். வந்து பாத்துட்டு, இங்க ஏற்கனவே ஆளு இருக்குதேன்னு திரும்பிப் பூடுது” என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். சாப்பாடு என்று கேட்டதற்கு என் மனைவி முந்திக்கொண்டாள்.

“இட்லி வெச்சா ஒண்ணுதான் உள்ள போவுது மேடம். மீதியெல்லாம் தட்டுல ஒக்காந்து என்னயே பாக்குது.”

டாக்டர் சிரித்துவிட்டார். நான் சொன்னதற்குச் சிரிக்காமல் இதற்குச் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு நிறையக் கேட்டார். எதிலாவது சந்தோஷம் வருகிறதா, சாகலாம் என்று தோன்றுகிறதா என்றுகூட நேராகக் கேட்டார். ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. சாகணும் என்று இல்லை, எழுந்திருக்கணும் என்றும் இல்லை என்றேன். என் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். “ஒரு மாத்திரை எழுதறேன். முதல்லயே சொல்லிடறேன், இது அந்தச் சத்தத்த நிறுத்தாது. இது உங்க மனச்சோர்வுக்கு. தூக்கம், சாப்பாடு, எரிச்சல், இதெல்லாம் மெதுவா சரியாவும். சில வாரம் புடிக்கும். ஆரம்பத்துல வாய் வறளலாம், குமட்டலாம். நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது.”

“சத்தத்த நிறுத்தாதுன்னா அப்பறம் எதுக்குங்க மேடம்?”

“அந்தச் சத்தத்தோட நீங்க இருக்கறதுக்கு.”

“நான் எங்க அதோட இருக்கறேன்? அதுதான் என்னோட இருக்குது.”

மாத்திரை வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற ஜாடியெல்லாம் பேட்டையில் கழித்துப்போட்டவை. உப்பு, புளி, பருப்பு எல்லாம் விரிசலில்தான் குடியிருக்கின்றன. ஒரே ஒரு நல்ல ஜாடி, கல்யாணத்துக்கு வந்தது, அதில் மட்டும் ஊறுகாய். மாத்திரை அட்டையை அவள் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அதைத் தாண்டித் தாண்டிப் போனேன். சின்ன மாத்திரை, வெண்டைக்காய் விதையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைப் பார்த்தால் எனக்குப் பாம்பைப் பார்த்த மாதிரி இருந்தது.

படிக்கத் தெரியாதவனுக்கு இந்தப் போன் ஒரு வரம். ஷெட்டில் ஓரமாக நின்று, “காதுல கொய்ங்! மாத்திரை! போடலாமா!” என்று அதனிடம் கத்தினேன். மில் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் அதற்குக் கேட்காது. பேட்டைக்கே கேட்டது. அதுவும் உடனே ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது. கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் சொல்கிறார்: இந்த மாதிரி மாத்திரையாலேயே சிலருக்குக் காதில் சத்தம் வருகிறது, இருக்கிற சத்தமும் கூடுகிறது.

எப்படி இருக்கிறது கதை? சத்தத்தால் மனசு கெட்டது. மனசுக்கு மாத்திரை. மாத்திரையால் சத்தம். இதைவிடப் பால் மில்லே தேவலாம், அது ஒரு பக்கமாகத்தான் சுற்றும்.

எனக்குப் பயம் இதுதான். இப்போதே தாடையில் வைத்துத்தான் தட்டுகிறேன். சத்தம் இன்னும் ஒரு படி ஏறினால் எலும்பிலும் அதுதான் கேட்கும், ‘ணங்’குக்கும் ‘டொப்’புக்கும் வித்தியாசம் போய்விடும். உலகத்தில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வித்தியாசம்தான். அதுவும் போனால் மறுபடி மில்லுக்குப் போ என்பார்கள். மில்லுக்குப் போனால் காது இன்னும் கெடும். மாத்திரை போடாவிட்டாலோ, கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போட்டாலும் வம்பு, போடாவிட்டாலும் வம்பு. இதை என் மனைவியிடம் விளக்கமாகச் சொன்னேன்.

“போன்ல எவனோ சொன்னத நம்புற. எதுக்க ஒக்காந்து சொன்ன டாக்டர நம்ப மாட்ட.”

“காது எனக்குடி.”

“புருசன் எனக்கு, மாமா.”

நான் கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“எங்க போயிட்டு வந்த?”

“மணவாளநல்லூரு. பிராது கட்டிட்டு வந்தேன்.”

“யாரு மேல?”

“உம்மேல.”

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மணவாளநல்லூர் எங்களுக்குப் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அங்கே முருகன் கோயிலில் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். மாடு காணாமல் போனால், பங்காளி வரப்பை நகர்த்தினால், போலீசுக்குப் போவதற்கு முன்னாலோ போய் அலுத்த பின்னாலோ அங்கே வருவார்கள். நான் இன்னார், இன்ன ஊர், இன்னார் மேல் குறை, இது எனக்கு வேண்டும் என்று கலெக்டருக்கு மனு எழுதுகிற மாதிரியே காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, அங்கேயே காவலுக்கு நிற்கிற முனியப்பருக்கு முன்னால் இருக்கிற வேலில் கட்டிவிடுவார்கள். சாமி விசாரித்துத் தீர்த்துவைப்பார். தீர்ந்த பிறகு மறக்காமல் போய் வாபஸ் வாங்க வேண்டும். வாபஸ் வாங்காமல் விடக் கூடாது, கேஸ் நிலுவையில் நிற்கும்.

அங்கே திருடன் மேல் கட்டுவார்கள், கடன் வாங்கி ஏமாற்றியவன் மேல் கட்டுவார்கள். மாத்திரை போடாததற்காகப் புருஷன் மேல் கட்டிய ஆள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

“குத்தம் பண்ணுனது அந்தச் சத்தம். எதிரி நானா?”

“சத்தத்த நான் பாத்ததில்ல. ஒன்னத்தான் தெனம் பாக்கறேன்.”

எனக்கு வந்த கோபத்தில் மூளை கொஞ்சம் வேலை செய்தது, தப்பான பக்கமாக. இவள் கேஸ் போட்டால் நான் எதிர்க் கேஸ் போட மாட்டேனா? மறுநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மனசுக்குள் இன்னொரு கணக்கும் இருந்தது. சத்தத்தின் மேல் பிராது கட்டிவிட்டால் கேஸ் சாமியிடம் இருக்கிறது என்று ஆகிவிடும். ஒரு கேஸ் ஒரு கோர்ட்டில் இருக்கும்போது இன்னொரு கோர்ட்டுக்குப் போகக் கூடாது. ஆகையால் தீர்ப்பு வருகிறவரை மாத்திரை போட வேண்டியதில்லை. லீவு சொல்லப் போனபோது பாயே இதைக் கேட்டுவிட்டு, “யப்பா, வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டியவன்யா நீ” என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு எழுதத் தெரியாததால், அங்கே எழுதிக் கொடுப்பவரிடம் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கருவேப்பிலங்குறிச்சி அம்மாவுக்கு ஆடு காணவில்லை. அந்த அம்மா எதிரி பேரைக் கூசாமல் சொன்னது, அப்பன் பேரோடு. என் முறை வந்தது.

“பேரு, ஊரு சொல்லு.” சொன்னேன்.

“எதிரி யாரு?”

“சத்தங்க.”

“யாரு சத்தம்?”

“யாரு சத்தமும் இல்லீங்க. காதுல கேக்குது.”

அவர் பேனாவை நிறுத்தினார். “அதுக்கு ஊரு?”

“எங் காதுதாங்க ஊரு.”

பின்னால் நின்ற மீசைக்காரர், “யோவ், வரப்பு போச்சுன்னு நான் நிக்கறேன், நீ சத்தம் வந்துச்சுன்னு நிக்கறியா? சீக்கிரம் ஆவட்டும்யா” என்றார்.

எழுதுகிறவர் அவரைக் கையமர்த்தினார். “இருய்யா. இவரு கொற இவருக்கு. சரிப்பா, சாமிகிட்ட என்னா கேக்கற? சத்தம் போவணுமா?”

“ஆமாங்க. அது போனாத்தான் தூங்க முடியும்.”

“அப்ப ஒனக்குத் தூக்கம் வேணுமா?”

“அதுவும் வேணும். சாப்பாடும் எறங்கல. ஆளுங்கமேல எரிஞ்சு எரிஞ்சு வுழறேன்.”

“எதுனா ஒண்ணச் சொல்லு, தலப்புல எழுதணும். சத்தம் போவணுமா, நீ நல்லா ஆவணுமா?”

இது என்ன கேள்வி? இரண்டும் ஒன்றுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் அந்தப் பெண் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அவரும் இதைத்தான் இரண்டாகப் பிரித்து வைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆஸ்பத்திரியிலும் இதே கேள்வி, கோயிலிலும் இதே கேள்வி. இவர்கள் எல்லாரும் ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டார்களா?

“யோசிச்சிட்டு வரேங்க” என்று வரிசையை விட்டு வெளியே வந்தேன். மீசைக்காரர் “அப்பாடா” என்றார். எதிர்க் கேஸ் எழுதப்படாமலேயே பஸ் ஏறிவிட்டேன். வருகிற வழியில் வேலில் என் மனைவி கட்டியதும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனையோ காகிதம் தொங்குகிறது, எது அவளுடையது என்று தெரியவில்லை. எல்லாம் என்னையே பார்த்த மாதிரி இருந்தது, அந்த இட்லி மாதிரி.

அடுத்த நாள் மேஸ்திரி என்னைச் சாமான் காயவைத்திருந்த தட்டுகளுக்குப் பின்னால் கூப்பிட்டார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

“பல்லுக்கு மாத்திரை குடுத்தாங்களா?”

“குடுத்தாங்கண்ணே.”

“போடுறியா?”

“பயமா இருக்குதுண்ணே. மாத்திரையாலயே சில பேருக்குப் பல்லு வலி கூடிடும்னு போன்ல சொல்றாங்க.”

“எனக்குப் பல்லு வேற மாதிரி. புள்ள போனதுலேருந்து வலி.” சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் மகன் பைக்கில் போய் அடிபட்டு இறந்தது எனக்குத் தெரியும். அதற்கப்புறமும் நான் அவர் மாதிரி நடந்து காட்டியிருக்கிறேன். “நான் போடுறேன். மொத வாரம் வாந்தி வாந்தியா வந்துச்சு. அப்பறம் பரவால்ல. ஆனா எம் பல்லு வேற, ஒம் பல்லு வேற. போன்ல கேக்காத, அந்தம்மாகிட்டயே போயி கேளு.”

“கூடிப்போச்சுன்னா என்னாண்ணே பண்றது? தட்ட முடியாதே.”

“கூடிச்சுன்னா கூடிச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. அதுவரிக்கும் நீ ஜாடிக்கு முத்தம் குடுக்கறத நான் பாக்கல. போ.”

போனேன். இந்த முறை துண்டு போடவில்லை. மறந்துவிட்டேன், தைரியமெல்லாம் இல்லை. டாக்டரிடம் போனில் வந்த கண்ணாடிக்காரர் சொன்னதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அவர் சொன்னது முழுப் பொய் இல்ல” என்றார். சிலருக்கு அப்படி ஆவதுண்டாம். நிறையப் பேருக்கு ஆகாதாம். எனக்கு ஆகுமா ஆகாதா என்று முன்கூட்டியே சொல்ல அவராலும் முடியாதாம். ஆனால், “ஒரு வித்தியாசம் தெரிஞ்சாக்கூட உடனே வாங்க, கொறைக்கலாம், மாத்தலாம். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க” என்றார். எனக்குத் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. காது டாக்டருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஒரு பிரயோஜனமும் இல்லை. இவருக்குத் தெரியாது என்றதும் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நான் இப்படிப்பட்ட ஆள்.

வித்தியாசம் தெரிந்தால் வாங்க என்றாரே, அதை எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தேன். கல்யாண ஜாடி நல்லது. உப்பு ஜாடி விரிசல். இரண்டையும் எடுத்துத் தாடையில் வைத்துத் தட்டினேன். ஒன்று கூசியது, ஒன்று சும்மா இருந்தது. சரி. இந்த வித்தியாசம் இருக்கிறவரை மாத்திரை, இது மங்கினால் டாக்டர்.

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று, நான் ஊறுகாய் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வெண்டைக்காய் விதையை விழுங்கினேன்.

உடனே எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், மாறவில்லை. வாய் சூளை மாதிரிக் காய்ந்தது. சாம்பார் வாசனைக்கே குமட்டியது. எரிச்சலைக் குறைக்கிற மாத்திரை முதலில் எரிச்சலைக் கூட்டியது. தினமும் காலையில் மாத்திரைக்கு முன்னால் இரண்டு ஜாடியையும் தட்டினேன். ஒருநாள் இரண்டும் ஒரே மாதிரிக் கூசின. சத்தம் கூடிப்போச்சு என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். அப்புறம்தான் அவள் சொன்னாள், உப்பு ஜாடி உடைந்துவிட்டதாம், பாய் வீட்டிலிருந்து வேறொரு ஜாடி வாங்கி வைத்தாளாம். தட்டிப் பார்த்தேன். அது நல்ல ஜாடிதான். சோதனைக்காக வீட்டில் ஒரு விரிசல் ஜாடி கட்டாயம் வேண்டும் என்று, பேட்டையிலிருந்து தேடி எடுத்து வந்தேன். விரிசல் ஜாடியைத் தேடி அலைந்த முதல் ஆள் நான்தான்.

சத்தம் போகவில்லை. இதோ, இப்போதும் கேட்கிறது. ஆனால் கூடவும் இல்லை. சில வாரம் போன பிறகு ஒருநாள், அது கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் தூங்கியிருக்கிறேன் என்று காலையில் தெரிந்தது. காலைத் தரையில் வைத்தேன், பாதத்தைப் பார்க்கவில்லை.

முந்தாநாள் டீ நேரத்தில் நடந்ததுதான் நான் உண்மையில் சொல்ல வந்தது. பாய் சும்மா இல்லாமல், “இன்னிக்கி மேஸ்திரி நடக்கறாரா?” என்றார். மேஸ்திரியின் மகன் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வயிறு தானாக முன்னால் போனது, கை தானாகப் பின்னால் போனது. டீ டம்ளர்களைத் தாண்டி நடந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். திடீரென்று சிரிப்பு நின்றது. திரும்பிப் பார்த்தால் பின்னால் மேஸ்திரி. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றினார். கழற்றி, நடையில் இது ஒன்றுதான் குறை என்கிற மாதிரி என் பக்கம் நீட்டி, என்ன சொன்னார் என்றால்…

“யோவ் மாமா! யாருகிட்ட தனியா பேசிக்கிட்டிருக்க? மணவாளநல்லூரு பஸ்ஸு வந்துடும், கெளம்பு.”

“எதுக்கு?”

“பிராத வாபஸ் வாங்கணும்.”

“சத்தம் இன்னும் கேக்குதுடி. கேஸு முடியலியே?”

“நான் சத்தத்து மேலயா கட்டுனேன்? உம்மேலதான கட்டுனேன். நீ ஒழுங்கா மாத்திரை போடுற. எங் கேஸு முடிஞ்சுது. சட்டையப் போடு.”

“எதிரியும் வரணுமா?”

“எதிரி வராம பஸ்ஸுல எனக்கு எடம் யாரு புடிக்கறது? வா.”